காலடியில் ஒரு வரலாறு: நெகிரி செம்பிலான் தோட்ட வீடுகளின் தரை மாறிய கதை



சில வாரங்களுக்கு முன்னர் வகுப்பில் பழைய தோட்டத்துப் படம் ஒன்றைக் காட்டினேன். பால்மரங்களுக்கு முன்னால் நீண்ட லயன் வீடு ஒன்று. குட்டையான தூண்களின்மேல் நிற்கிறது. அடியில் விறகுக் கட்டுகளும் கோழிகளும் தெரிகின்றன. "சார், இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் கால் இருக்கு?" என்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் வளர்வது பளிங்குபோல் மின்னும் ஓடு பதித்த தாமான் வீட்டில். வீட்டுக்குக் கால் உண்டு என்பது அவளுக்குப் புதுமை. "பூச்சி, ஈரம், வெள்ளம் வராமல் இருக்க" என்று ஒரே வரியில் விடை கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆயினும் அவ்விடை போதாது என்பதை உணர்ந்தே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

நம் தோட்ட வரலாற்றை எழுதுவோர் சம்பளத்தைப் பற்றி எழுதியுள்ளனர். கங்காணிமுறை, வேலைநிறுத்தம், கோயில், பள்ளி ஆகியவற்றைப் பற்றியும் எழுதியுள்ளனர். நாள்தோறும் நம் முன்னோர் மிதித்த தரையைப் பற்றி எழுதியோர் அரியர். மண், பலகை, சிமெண்டு, பாய், ஓடு என அத்தரை மாறிய ஒவ்வொரு முறையும் அதற்கு யார் பணம் கொடுத்தார் என்று கேட்டுப் பார்த்தால், நம் வாழ்வின் நிலைமை முழுவதும் விளங்கிவிடும்.

மண்தரையிலிருந்து பலகைக்கு

நெகிரி செம்பிலானில் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப் பாதை 1891-இல் திறக்கப்பட்டது. 1896-இல் இம்மாநிலம் மலாய்க் கூட்டு மாநிலங்களுள் ஒன்றாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருகியபோது லாபு, சிலியாவ், ரந்தாவ், லிங்கி, பகாவ் முதலிய வட்டாரங்களில் தோட்டங்கள் பரவின. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்ட பின்னர், கங்காணிமார் வழியாகத் தமிழகத்து ஊர்களிலிருந்து குடும்பங்கள் வந்தன.

அவர்கள் விட்டுவந்த வீடுகள் மண்தரை வீடுகள். மண்ணை நீர்தெளித்துத் திமிசுக்கட்டையால் அடித்து இறுக்கி, வாரந்தோறும் சாணம் கரைத்து மெழுகுவது அங்குள்ள வழக்கம். வாசலில் சாணநீர் தெளித்துக் கோலமிடுவது அதன் தொடர்ச்சி. அத்தகைய தரையில் பிறந்து தவழ்ந்தவர்கள், இங்கே தூண்களின்மேல் பலகை பரப்பிய நீண்ட லயன்களில் குடியேற்றப்பட்டனர். பலகைக்கு மெழுக்குத் தேவையில்லை. மெழுகினாலும் சாணம் இடுக்குகளின் வழியே கீழே வடிந்துவிடும். கோலத்திற்கு இடம்தேடி அவர்கள் படியிறங்கி முற்றத்து மண்ணுக்கே வரவேண்டியிருந்தது.

தூண்மேல் நிற்கும் வீடு இந்நாட்டிற்குப் புதிதன்று. நெகிரி செம்பிலானின் மினாங்கபாவ் மரபு வீடுகள் அனைத்தும் அவ்வாறே எழுந்தவை. 1908-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீ மெனாந்தி அரண்மனை 99 தூண்களின்மேல், ஆணியின்றி, மரத்தாலேயே அமைந்தது. அரண்மனைக்கும் பலகைத் தரைதான். லயனுக்கும் பலகைத் தரைதான். ஆனால் அரண்மனை தலைமுறைகள் வாழ எழுப்பப்பட்டது. லயனோ, சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவான் என்று எண்ணப்பட்ட மனிதனைத் தங்கவைக்க எழுப்பப்பட்டது.

காலடியில் இருந்த நோய்

தரை வெறும் வசதியைப் பொறுத்த செய்தி அன்று. அது உயிரைப் பொறுத்ததும் ஆகும். அக்காலத் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலோடு கொக்கிப்புழு நோயும் பெருவாரியாக இருந்தது. கொக்கிப்புழுவின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் சேர்கின்றன. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை புழுக்களாகின்றன. செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உடலுள் நுழைகின்றன. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. இரத்தச் சோகையுற்றவன் சோர்ந்து கிடப்பான். அவனைச் 'சோம்பேறி' என்று நிருவாகம் குறித்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம், சாமுவேல் டார்லிங் என்னும் மருத்துவரின் தலைமையில் ஓர் ஆய்வுக்குழுவைக் கிழக்கு நாடுகளுக்கு அனுப்பிற்று. மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்த அக்குழுவின் அறிக்கை 1920-இல் வெளிவந்தது. மலாயாவிலேயே பணியாற்றிய மால்கம் வாட்சன், தோட்டங்களில் மலேரியாவைத் தடுப்பது குறித்து 1911-இலேயே நூல் எழுதியிருந்தார். கழிப்பறை, வடிகால், குடிநீர், வீடு ஆகியவை முதலாளியின் கருணை அல்ல, உழைப்பாளர் உயிரோடிருப்பதற்கான அடிப்படைத் தேவை என்ற கருத்து இத்தகைய பணிகளால் வலுப்பெற்றது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, தோட்ட முதலாளி தொழிலாளர்க்கு வீடும் மருத்துவமும் அளிக்கவேண்டும் என்பதை வலியுறுத்திற்று.

மண்ணிலிருந்து உயர்ந்து நின்ற பலகை, படுத்திருப்பவனைப் புழுவிலிருந்தும் ஈரத்திலிருந்தும் ஓரளவு காத்தது உண்மையே. ஆயினும் அதற்கே உரிய குறைகளும் இருந்தன. பலகை இடுக்குகளில் மூட்டைப்பூச்சி குடிகொள்ளும். சிந்திய சோறும் நீரும் அடியில் விழுந்து எலியை அழைக்கும். கறையான் தூணை அரிக்கும். அடுப்பெரிக்கும் இடத்தில் பலகை உதவாது. ஆகவே சமையல், வீட்டின் பின்புறம் மண்தரையிலேயே நடந்தது. நாளின் பெரும்பகுதி அந்த மண்ணில் வெறுங்காலோடு நின்ற பெண்களுக்குப் பலகை தந்த பாதுகாப்பு பாதியே.

தரைக்குப் போன பால்

இங்கே ஒரு முரண்பாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும். முதல் உலகப் போருக்குப் பின்னர் ரப்பர் விலை சரிந்தது. உற்பத்தியைக் கட்டுப்படுத்த ஆங்கிலேயர் 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டத்தைச் செயற்படுத்தினர். ரப்பருக்குப் புதிய பயன்களைத் தேடும் முயற்சியும் நடந்தது. மேலைநாட்டு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கப்பல்களிலும் ரப்பர்த் தரை விரிக்கப்பட்டது. ஓசை எழுப்பாத தரை, வழுக்காத தரை என்று அதற்குப் பெயர். அதிகாலையில் மரத்தை வெட்டிப் பால் எடுத்தவனின் வீட்டிலோ, நடந்தால் கிறீச்சிடும் பலகை.

செட்டிநாட்டு மாளிகைகளின் தரையையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். இத்தாலியச் சலவைக்கல்லும் ஆத்தங்குடி ஓடும் பதித்த அம்மாளிகைகளுக்கு உரிய செல்வம் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டப்பட்டது. 1930-களின் விலைவீழ்ச்சியில், கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட ரப்பர் நிலங்கள் பல செட்டியார்கள் கைக்கு வந்தன. மலாயாவின் மண்ணிலிருந்து எழுந்த செல்வம் எங்கெங்கோ தரையாயிற்று. அதற்காக உழைத்தவனின் காலுக்குக் கீழே மட்டும் தாமதமாகவே வந்தது.

சிமெண்டு வந்த காலம்

சப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942–1945) தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர் 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தை ஒட்டி, தோட்டங்களில் சிதறிக்கிடந்த லயன்கள் ஓரிடத்தில் கூட்டப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. பலகை வீடாயின் பிரித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் பூட்டிவிடலாம். சிமெண்டுத் தரையைப் பெயர்த்துக்கொண்டு போக இயலாது. எனவே, பெயர்க்கமுடியாத தரையை ஒரு தோட்டம் போடுகிறதென்றால், அங்கு வாழ்வோர் நிலையாக இருக்கப் போகின்றனர் என்பதை அத்தோட்டம் ஒப்புக்கொள்கிறது என்றே பொருள்.

இம்மாற்றம் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததன்று. போருக்கு முன்னரே சிமெண்டுத் தரை கண்ட லயன்களும் உண்டு. விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம் பலகையோடு நின்றவையும் உண்டு. ஆயினும் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும், 1957-இல் நாடு விடுதலை பெற்றதும், 1966-இல் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் இயற்றப்பட்டதும் மாற்றத்தை விரைவுபடுத்தின. நீண்ட லயன்களுக்கு மாறாக இரட்டை வீடுகள் தோன்றின. தரை மண்ணோடு ஒட்டி வந்தது. ஆனால் இம்முறை கல்லும் மணலும் சிமெண்டும் கலந்த தரை.

அதன் அமைப்பு எளியது. செம்மண்ணை நிரப்பி அடித்து இறுக்குவர். அதன்மேல் கருங்கல் சல்லியும் மணலும் சிமெண்டும் கலந்த கலவையைக் கொட்டுவர். அது சற்றே இறுகும் நேரத்தில் சிமெண்டுப் பாலை ஊற்றிக் கரணையால் தேய்ப்பர். தேய்க்கத் தேய்க்கக் கண்ணாடிபோல் மழமழப்பாகும். கழுவினால் நீர் ஓடிவிடும். நடுப்பகலிலும் குளிர்ச்சி தரும். பூச்சிக்கு இடுக்கு இல்லை. வாசலும் வீட்டோடு சமமாயிற்று. அஞ்சடியின் சிமெண்டில் மீண்டும் கோலம் விழுந்தது.

நீட்சியும் வெடிப்பும்

பிள்ளைகள் வளர்ந்தனர், அறைகள் போதவில்லை. ஆகவே குடும்பத்தார் தம் சொந்தப் பணத்தில் வீட்டின் பின்புறத்தையும் பக்கவாட்டையும் நீட்டினர். பழைய பலகையும் தகரமும் கொண்டு ஓர் அறை எழும். தரைக்கு இரண்டு மூட்டை சிமெண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அத்தகைய நீட்சி அறைகளை மறந்திருக்கமாட்டார்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றில், பழைய தரையும் புதிய தரையும் கூடும் இடத்தில் நீண்ட வெடிப்பு ஒன்று ஓடும்.

அதற்குக் காரணம் கொத்தனாரின் பிழை மட்டுமன்று. பழைய தரையின் அடிமண் பல்லாண்டுப் பாரத்தில் இறுகிவிட்டது. புதிய தரையின் அடிமண் இனிமேல்தான் இறுகவேண்டும். இரண்டும் தனித்தனியே இறங்குகின்றன. இணைத்துப் பூசிய பூச்சு வெடிக்கிறது. எத்தனை முறை அடைத்தாலும் அடுத்த மழைக்காலத்தில் வெடிப்புத் திரும்பிவிடும். அறிந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்க முயலாமல், இடையே ஒரு படியோ மரச்சட்டமோ வைத்து, அவை தத்தம் போக்கில் அசைய விட்டுவிடுவர்.

வெடிப்பை மறைக்க வந்ததே பூப்போட்ட பாய். சுருளாகக் கடையில் வாங்கி, தீபாவளிக்கு முன் விரிப்பார்கள். மலாயில் அதற்குத் 'திக்கார் கெத்தா' என்று பெயர்; 'ரப்பர் பாய்' என்பது பொருள். ஆனால் இன்று அப்பெயரில் விற்கப்படுவது ரப்பர் அன்று, நெகிழியே. பால்வெட்டி வாழ்ந்தவர்கள், பால் ஒரு துளியும் கலவாத பொருளை ரப்பர் பாய் என்று சொல்லி வாங்கினர். நீராவியை வெளியே விடாத பாயாதலின், அடியில் ஈரம் கோத்துச் சிமெண்டு கறுத்தது, ஓரங்கள் சுருண்டன. அடுத்த தீபாவளிக்குப் புதுப்பாய். வசதி பெற்ற சிலர் அதையும் களைந்துவிட்டு ஓடு பதித்தனர்.

யாருடைய தரை?

இங்குதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். பலகையை முதலாளி போட்டார். சிமெண்டைச் சட்டமும் சங்கமும் வற்புறுத்த முதலாளி போட்டார். பாயையும் ஓட்டையும் நீட்சி அறையையும் தொழிலாளியே தம் சம்பளத்தில் போட்டார். ஆனால் வீடு தோட்டத்தினுடையது. வேலையிலிருந்து ஓய்வுபெற்றாலும், தோட்டம் கைமாறினாலும் வீட்டைக் காலி செய்யவேண்டும். பாயைச் சுருட்டிக்கொண்டு போகலாம். ஓட்டைச் சுருட்ட முடியாது.

இந்த ஆபத்தை முன்னரே உணர்ந்தோர் இல்லாமலில்லை. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. 1970-களில் தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீட்டுத் திட்டம் பேசப்பட்டது. ஆயினும் அது எல்லாருக்கும் எட்டவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரங்களில் தோட்டமண்ணில் புதுநகரங்கள் எழுந்தன. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 1990-இல் வேறு சட்டம் இயற்றப்பட்டு, அது 2019-இல் மேலும் விரிவாக்கப்பட்டது. இன்று அது காப்பது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளரின் குடியிருப்புகளை. அவர்களும் தமக்குச் சொந்தமில்லாத தரையில்தான் படுத்துறங்குகின்றனர்.

லயன்கள் இடிக்கப்பட்ட இடங்களுக்குச் சென்று பாருங்கள். பலகை மக்கிவிடும்; தகரம் பழைய இரும்புக்காரனிடம் போய்விடும். செம்பனை மரங்களுக்கிடையே புல் மூடிய சிமெண்டுத் தரை மட்டும் எஞ்சியிருக்கும். புல்லை விலக்கினால் அஞ்சடி தெரியும். அதில் வெடிப்பும், வெடிப்பை யாரோ அடைத்த தடமும் தெரியும். தமக்குச் சொந்தமில்லாத வீட்டையும் சொந்தவீடாகவே பேணியவர்களின் கையெழுத்து அது.

அந்த மாணவிக்கு நான் சொல்லவேண்டிய விடையும் இதுதான்: "அம்மா, அந்த வீட்டுக்குக் கால் இருந்தது, அதில் வாழ்ந்தவர்களுக்குத்தான் கால் ஊன்ற நிலம் இல்லை." இன்று அவள் நடக்கும் ஓட்டுத்தரைக்கு அவள் பெற்றோர் மாதந்தோறும் வங்கிக்குத் தவணை கட்டுகின்றனர். கடன்தான், ஆயினும் பட்டாவில் அவர்கள் பெயர் இருக்கிறது.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்: "நீங்கள் பிறந்த வீட்டுத் தரை எது? அதை யார் போட்டது?" அவர்கள் கூறும் விடையை எழுதி வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது பாடமாகும்.