நிக்கோடெமஸ்: மண்ணுக்குள் தொடங்கிய ஊர்

கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், சாலமன் ஆற்றின் தென்கிளையை ஒட்டிய புல்வெளியில் உள்ள நிக்கோடெமஸ், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அமைத்த ஊர்களில் இன்றும் மக்கள் வாழும் மிகப் பழையது. டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையரும் டபிள்யூ. எச். ஸ்மித் என்னும் கறுப்பினப் போதகரும் பிறரும் 1877-இல் தொடங்கிய நிறுவனம், ஐந்தாண்டு குடியிருந்து உழுவோருக்கு 160 ஏக்கர் அரசு நிலம் வழங்கிய 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கென்டக்கி மக்களை அழைத்தது. 1877 செப்டம்பரில் ஏறத்தாழ முந்நூறு பேர் எல்லிஸ் நிலையத்தில் இரயிலைவிட்டு இறங்கி, அங்கிருந்து வடக்கே நடந்து வந்து சேர்ந்தனர்.

வந்தவர்கள் கண்டது வீடுகளை அல்ல, தரையிலிருந்து எழுந்த புகையை. மரமே அரிதான அச்சமவெளியில், முன்னரே வந்தவர்கள் மேட்டுச் சரிவைக் குடைந்து, மேலே கிளைகளையும் புல்வேர் பின்னிய மண்கட்டிகளையும் பரப்பிய நிலக்குழி வீடுகளில் வாழ்ந்தனர். இவ்வீடுகள் ஆங்கிலத்தில் ‘டக்அவுட்’ எனப்பட்டன. இக்காட்சியால் மனமுடைந்து பல குடும்பங்கள் திரும்பிச் சென்றன. தங்கியவர்கள் சூரியகாந்தித் தண்டையும் காட்டெருமை வறட்டியையும் எரித்து முதல் குளிர்காலத்தைக் கடந்தனர். வேட்டையிலிருந்து திரும்பிய ஒசேஜ் பழங்குடியினர் உணவைப் பகிர்ந்தளித்ததை அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கின்றனர்.

1888-இல் இரயில்பாதை ஊரைத் தொடாமல் ஆற்றின் மறுகரையில் சென்றதால் வணிகர்கள் அப்பக்கம் பெயர்ந்தனர். 1930-களின் வறட்சி மேலும் பலரை வெளியேற்றியது. 1953-இல் அஞ்சலகமும் மூடப்பட்டது.

எனினும் ஊரோடு உறவு அறுபடவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்த ஆகஸ்ட் முதல் நாளைக் கொண்டாடும் விழாவாகக் குடியேறிகள் தொடங்கியது, பின்னாளில் ஜூலை இறுதியில் நிகழும் ‘ஹோம்கமிங்’ எனப்படும் ஊர்திரும்பும் விழாவாக மாறி, தொலைநகரங்களில் வாழும் பேரப்பிள்ளைகளை ஆண்டுதோறும் அழைத்துவருகிறது. நிக்கோடெமஸ் மரபைக் காத்தவற்றுள் இவ்விழாவையே முதலாவதாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மண்வீடு மழையில் கரைந்துவிடும், அதில் வாழ்ந்தவரின் பெயரைச் சொல்லப் பிள்ளைகள் வேண்டும். அவ்வழித்தோன்றல்கள் 1980-களின் இறுதியில் அமைத்த வரலாற்றுச் சங்கம், முதியோரின் வாய்மொழி நினைவுகளையும் குடும்பப் பொருள்களையும் திரட்டி அருங்காட்சியகமாக்கியதுடன், ஊரைக் கூட்டாட்சி அரசு ஏற்றுக் காக்கவும் தளராமல் வாதாடியது. அதன் பயனாக 1996-இல் நிக்கோடெமஸ் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. இரண்டு தேவாலயங்கள், பள்ளி, விடுதி, 1939-இல் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய ஊர்மன்றம் என ஐந்து கட்டடங்கள் அதில் அடங்கின. முதல் குடியேறிகளின் குழிவீடு ஒன்றுகூட அப்பட்டியலில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாக, ஊரை அடுத்த பழைய பண்ணையொன்றில் தொல்லியலாளரும் தன்னார்வலரும் சேர்ந்து மண்ணை அகழ்ந்து ஆராய்ந்தனர்.