இரண்டு பேருக்குப் போட்ட தனிப்பந்தி

ஆறுமுகநேரியிலிருந்து பேசுகிறேன். எங்க ஊருக்குப் பக்கத்தில், புன்னைக்காயலில்தான் தாமிரபரணி கடலில் கலக்கிறது. அதே ஆற்றைப் பிடித்து மேற்கே போனால் சேரன்மகாதேவி. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு குருகுலம் இருந்தது. அதை அரசியல் கதையாகத்தான் நாம் கேட்டிருக்கிறோம். நான் இன்றைக்கு அதை ஒரு ஹாஸ்டல் கதையாகச் சொல்லப்போகிறேன். வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்கிற பிள்ளை, பெரியவர்களை எதை வைத்து நம்புகிறது? இதுதான் கேள்வி.

குருகுலத்தை நடத்தியவர் வ.வே.சு. ஐயர். லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரர் ஆனவர். பாண்டிச்சேரியில் பாரதியோடு பழகியவர். சிறுகதை எழுதியவர், குறளை ஆங்கிலத்தில் தந்தவர். சிறையிலிருந்து வந்த பிறகு, 1922-இல் இந்தப் பள்ளி வேலையில் இறங்கினார். வெள்ளைக்காரன் கல்வி குமாஸ்தாக்களை உருவாக்குகிறது. நாம் மனிதர்களை உருவாக்குவோம் என்பது எண்ணம். படிப்போடு கைத்தொழிலும் உடற்பயிற்சியும் உண்டு. தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒத்துக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

லட்சியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் வந்தது சாப்பாட்டுக் கூடத்தில்.

பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனியாகச் சாப்பாடு. அவர்களுடைய பெற்றோர் அந்த நிபந்தனையோடுதான் சேர்த்தார்கள், நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் ஐயர். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நினைத்தார், அதைக் குற்றம் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்க. அந்த வாக்கு இரண்டு வீட்டுக்குக் கொடுத்தது. அதன் விலையைத் தினமும் கொடுத்தது மற்ற பிள்ளைகள். அவர்களிடம் யார் கேட்டார்கள்?

நானும் ஹாஸ்டலில் இருந்து படித்தவன்தான். சுவரில் எழுதிப் போட்ட பொன்மொழி ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. யாருக்கு முதலில் பரிமாறுவார்கள், யார் தட்டில் குழம்பு கூடுதலாக விழும் என்பதெல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. நிர்வாகத்தின் கொள்கையைப் பிள்ளைகள் பந்தியில்தான் படிக்கிறார்கள். பேச்சில் சமத்துவமும் பந்தியில் வேறொன்றும் இருந்தால், பந்தியைத்தான் நம்புவார்கள்.

சரி, விஷயம் வெளியே வந்தது எப்படி? பின்னாளில் பெரியார் பலமுறை சொன்னதன்படி, ஒரு பிள்ளை மூலமாகத்தான். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தெரியும் இல்லையா, 1947-இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனவர். அவருடைய மகன் அந்தக் குருகுலத்தில் படித்தான். பிராமணப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த தண்ணீரைக் குடித்ததற்காக அடிபட்டு, அப்பாவிடம் வந்து அழுதான். அப்பா அதைக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் சொன்னார். நான் நிறுத்திக் கேட்க விரும்புவது இந்த இடத்தில்தான். குருகுலத்துக்கு உள்ளேயே அவன் போய்ச் சொல்ல ஒருவர்கூட இல்லையா? அவனுடைய வார்த்தையை ஏற்றுக்கொள்ள வீடு வரைக்கும் வரவேண்டி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வேகம். டாக்டர் வரதராஜுலு நாயுடு ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் போராட்டத்தைத் தூக்கிப் பிடித்தார். பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தி எதற்கு என்று கேட்டார். மீதி 5,000 ரூபாயைத் தரக்கூடாது என்று நின்றார் ஈ.வெ.ரா. காந்தியிடம் போனார்கள். இப்போதிருக்கிற இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் அப்படி யாரையும் சேர்க்கவேண்டாம் என்கிற மாதிரி சமரசம் சொன்னார். அது யாருக்கும் போதவில்லை. 1925 ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி, பிறப்பை வைத்து வேறுபாடு காட்டக்கூடாது என்று தீர்மானம் போட்டது. கமிட்டிக்குள்ளேயே பிளவு வந்தது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

அந்த ஜூன் மாதம், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரை தண்ணீரில் விழுந்தாள். காப்பாற்றக் குதித்த ஐயரும் போய்விட்டார். அந்த வருஷமே நவம்பரில், காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். வகுப்புவாரி உரிமைதான் அதற்கு நேரடிக் காரணம். ஆனால் குருகுலத்தில் உடைந்த நம்பிக்கையும் அதற்குப் பின்னால் இருந்தது.

மகளுக்காக உயிரையே கொடுத்த மனிதர் பிள்ளைகள்மேல் அன்பில்லாதவராக இருந்திருக்க முடியாது. அதனால்தான் இந்தக் கதை என்னை உறுத்துகிறது. நல்லவர் நடத்தினால் போதும், பிள்ளைகள் நம்புவார்கள் என்று நினைக்கிறோம். போதாது. பெற்றோரோடு, நன்கொடையாளரோடு, கட்சியோடு, எல்லாரோடும் அங்கே ஒப்பந்தம் இருந்தது. பிள்ளைகளோடு மட்டும் இல்லை.

இன்றைக்கும் நம்ம பக்கத்தில் எத்தனையோ விடுதிகள். அரசு விடுதி, மிஷன் விடுதி, தனியார் விடுதி. பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது ரிசல்ட் எவ்வளவு என்று கேட்கிறோம். கட்டாயம் கேளுங்க. அப்படியே சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருந்து, எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறார்களா என்று பாருங்க. ஒரு பிள்ளைக்குக் கஷ்டம் வந்தால் உள்ளே யாரிடம் போய்ச் சொல்லும் என்று வார்டனிடம் கேளுங்க. அவர் சட்டென்று ஒரு பெயரைச் சொன்னால் சந்தோஷம். அதே கேள்வியை அங்கே விளையாடிக்கொண்டிருக்கிற பையனிடமும் கேளுங்க. இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்கிறார்களா என்பதுதான் முக்கியம்.