ஓய்வு பெறாத இன்டர்பிரட்டர்

2008 ஜூனில் சஃபாரி உலாவியின் எஞ்சினான வெப்கிட்டின் குழு ஸ்குவிரல்ஃபிஷ் என்ற புதிய ஜாவாஸ்கிரிப்ட் இன்டர்பிரட்டரை அறிவித்தது. அதன் பெருமை சில மாதங்கள்கூட நிலைக்கவில்லை. செப்டம்பரில் குரோம் உலாவியுடன் வந்த வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின், இன்டர்பிரட்டரே இல்லாமல் நிரலை நேரே இயந்திரக் குறியீடாக்கியது. அதே மாதம் வெப்கிட்டும், நிரலை ஓடும்போதே இயந்திரக் குறியீடாக்கும் ஜிட் கம்பைலரை அறிவித்தது. அன்றோடு இன்டர்பிரட்டரின் காலம் முடிந்தது என்றே தோன்றியது. நடந்தது வேறு. 2012இல் வெப்கிட் எல்எல்இன்ட் என்ற இன்டர்பிரட்டரை மறுபடி எழுதியது, அதுவும் ஜிட்டுக்கு அடித்தளமாக. எந்தச் செயற்கூறும் முதலில் இதில்தான் ஓடும். திரும்பத் திரும்ப அழைக்கப்படுபவை மட்டும் கம்பைலருக்குப் போகும். இதன் மூலநிரல் தனி அசெம்பிளி மொழி ஒன்றில் ஒரே தடவை எழுதப்பட்டது. ரூபி நிரலொன்று அதை எக்ஸ்86, ஆர்ம் முதலிய சில்லுகளின் அசெம்பிளியாக மாற்றும். சில்லு ஆதரவு இல்லாத இடத்தில் சி++ ஆக மாற்றும். பின்னதற்கு சி லூப் என்று பெயர். அது தனக்கென வேறொரு ஸ்டாக்கை வைத்துக்கொள்வதால் ஜிட்டோடு சேர்ந்து ஓடாது. பில்ட் செய்யும்போதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஜிட்டை மட்டும் அணைத்துவிட்டு அசெம்பிளி இன்டர்பிரட்டரை வைத்துக்கொள்வது நடுவழி.

ஜிட் இல்லாவிட்டால் வேகம் போய்விடுமே என்று கேட்கலாம். போகத்தான் செய்யும். வி8 குழு 2019இல் ஜிட் இல்லாத முறையை அறிவித்தபோது ஸ்பீடோமீட்டர் சோதனையில் சுமார் 40 விழுக்காடு வேகம் குறைந்ததாக அதுவே ஒப்புக்கொண்டது. வெப்அசெம்பிளியும் அப்போது அதில் இருக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சிக்கான யூடியூப் செயலியில் இழப்பு வெறும் 6 விழுக்காடு. போட்டிச் சோதனையில் தெரியும் வேகம் வேறு, படம் பார்ப்பவர் உணரும் வேகம் வேறு. மறுபக்கம், ஜிட்டுக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே குறியீட்டை எழுதி இயக்குவதற்கு அனுமதி வேண்டும். தாக்குபவருக்கும் அதுதானே வாசல்! ஐஓஎஸ் அந்த அனுமதியைச் சாதாரணச் செயலிகளுக்குத் தருவதில்லை. 2022இல் வந்த லாக்டவுன் மோடில் சஃபாரியே ஜிட்டைக் கைவிடுகிறது. இவையெல்லாம் விதிவிலக்குகள் என்று தள்ளிவிடவும் முடியாது. 2017இல் வி8 இக்னிஷன் என்ற இன்டர்பிரட்டரை எல்லாப் பயனர்களுக்கும் இயல்பாக்கியபோது பாதுகாப்பு அதற்குக் காரணமல்ல. இயந்திரக் குறியீடு பருமனானது, இன்டர்பிரட்டர் ஓட்டும் பைட்கோடு சிறியது. கைபேசி நினைவகத்துக்கு அதுவே பெரிய விஷயம். வி8 தன் 2008ஆம் ஆண்டு வடிவத்திலேயே நின்றிருந்தால், ஜிட்டை அணைத்தபின் ஓட்டுவதற்கு அதனிடம் எதுவுமே இருந்திருக்காது.