ஈயம் பூசிய பித்தளையும் ஈரல் கட்டியும்

பித்தளைப் பாத்திரம் வெளியே மஞ்சளாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தால்தான் அதில் சமைக்கலாம் என்பது பழைய தென்னார்க்காட்டு வீடுகளில் எழுதாத விதி. விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே தவலை, குண்டான், அண்டா, செம்பு எல்லாம் பெண்ணுக்குச் சீராக வந்தவை. பணமுடை வந்தால் அடகுக்கடைக்குப் போய்த் திரும்பியவை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம்; அதில் பெரும்பங்கு செம்பு. தண்ணீர் பிடித்து வைப்பதால் பெரிய தொல்லை இல்லை. புளியோ மோரோ எலுமிச்சையோ பட்டால் செம்பு கரைந்து பச்சைக் களிம்பு ஏறும். அதைத் தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும் என்பது மருத்துவப் படிப்பு இல்லாத பாட்டிகளுக்கும் தெரியும்.

களிம்பைத் தடுத்தது ஈயப்பூச்சு. ஈயம் பூசுகிறவர் துருத்தியும் கரியும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவார். மரத்தடியில் குழி தோண்டி, துருத்தியின் மூக்கை அதில் புதைத்து உலை மூட்டுவார். பாத்திரத்தின் உட்புறத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு, இடுக்கியால் பிடித்து நெருப்பில் சுழற்றிச் சூடேற்றுவார். நவச்சாரப் பொடியைத் தூவியதும் மூக்கைத் துளைக்கும் வெள்ளைப் புகை கிளம்பும். சூட்டில் நவச்சாரம் பிரிந்து வெளிவரும் அமிலம், செம்பின் மேல் படிந்த ஆக்சைடை அரித்து எடுத்துவிடும். வெள்ளீயக் குச்சியைச் சூடான உலோகத்தில் இழுத்தால் அது 232 டிகிரியில் உருகும். பஞ்சாலோ துணியாலோ ஒரே வீச்சில் வழித்துப் பரப்பிவிட்டுத் தண்ணீரில் அமிழ்த்தினால், மங்கிய பாத்திரத்தின் உள்ளே முகம் தெரியும். தினமும் சாம்பல் போட்டுத் தேய்ப்பதால் பூச்சு சில மாதங்களில் தேய்ந்துவிடும். ஆகவே அவருக்கு வருமானமும் வீட்டாருக்குச் செலவும் நிற்காமல் தொடர்ந்தன.

செலவைக் குறைக்கும் வழிதான் விஷத்துக்கு வாசல் திறந்தது. காரீயம் மலிவு, வெள்ளீயத்தோடு கலந்தால் இன்னும் குறைந்த சூட்டிலேயே உருகி, எளிதில் பரவும். பூசிய அன்று இரண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் காரீயம் புளிக்குழம்பில் கரைந்து உடம்புக்குள் போய், எலும்பில் தங்கி, ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் கசியும். பெரியவர்களுக்கு வயிற்றுப்பிடிப்பு, மலச்சிக்கல், இரத்தசோகை. வளரும் குழந்தைகளுக்கு மூளைவளர்ச்சியே பாதிக்கப்படும். அரசின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள் 1955-இல் வந்தபோது, சரியாக ஈயம் பூசப்படாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் உணவு தயாரிப்பதும் வைப்பதும் தடைசெய்யப்பட்டன. சட்டத்தின் கை ஹோட்டல் வரைக்கும்தான். வீட்டு அடுப்படியில் அது செல்லாது.

ஈயம் தேய்ந்த பாத்திரத்தில் பாலை வைப்பது புளியை வைப்பதைவிடக் கொடிது என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. பால் புளிப்பில்லாததால் அதில் களிம்பு கண்ணில் படாது. ஆனால் பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் செம்பைப் பற்றி இழுத்துக்கொள்ளும். காய்ச்சி வைத்தால் இன்னும் அதிகமாக. பால் வெள்ளையாகவே இருக்கும், ருசியும் கெடாது.

ஆறு மாதத்திலிருந்து நான்கைந்து வயதுக்குள் குழந்தையின் வயிறு உப்பி, ஈரல் கல்லாகி, காமாலை கண்டு இறந்துபோகும் நோயை 1887-இல் கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் விவரித்தார். இந்தியக் குழந்தைகளின் ஈரல் சுருக்க நோய் என்பது அதன் மருத்துவப் பெயர். தமிழ்நாட்டு வீடுகளில் அது ஈரல் கட்டி. ஒரே வீட்டில் அடுத்தடுத்த பிள்ளைகளைக் கொண்டுபோனதால் குடும்பச் சாபம் என்றும் பேசினார்கள். சென்னையிலிருந்து வந்த ஜம்மி லிவர்க்யூர் இந்தப் பயத்தாலேயே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. நோய் முற்றினால் திண்டிவனத்துக்காரர்களுக்கும் விழுப்புரத்துக்காரர்களுக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் புதுச்சேரி ஜிப்மர், அல்லது சென்னை எழும்பூர். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2010-இல்தான்.

துப்பு கிடைத்தது 1970-களின் கடைசியில். ஓர்சீன் சாயமிட்டுப் பார்த்தபோது இந்தக் குழந்தைகளின் ஈரலில் செம்பு குவிந்திருப்பது தெரிந்தது. உலர்ந்த ஈரலில் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய செம்பு இவர்களுக்கு 800-ஐத் தாண்டியது. இங்கிலாந்தின் ஸ்டுவர்ட் டேனரும் புனேயில் பாவே, பண்டிட் ஆகிய மருத்துவர்களும் நோயாளிக் குழந்தைகளின் பால் வரலாற்றை மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்தி, பித்தளையில் காய்ச்சி வைத்த மாட்டுப்பால் கொடுத்தவர்களிடமே நோய் அதிகம். ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதேபோல் இறந்ததும், அதற்கு ஈயம் பூசாத செப்புப் பாத்திரமே காரணம் என்பதும் 1996-இல் வெளியானது. பித்தளைப் பால் குடித்த எல்லாப் பிள்ளைகளுக்கும் நோய் வரவில்லை. அதனால் பிறவியிலேயே செம்பைத் தாங்காத வாகும் ஒன்று உண்டு என்று பலர் கருதுகிறார்கள்.

உடம்பில் சேர்ந்த உலோகத்தை வெளியேற்றும் மருந்துகள் வேறொரு தேவைக்காகப் பிறந்தவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்போர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸின் குழு, லூயிசைட் என்ற ஆர்சனிக் விஷவாயுவுக்கு முறிவாக டைமெர்காப்ரால் மருந்தைக் கண்டது. அதன் மூலக்கூறில் உள்ள இரண்டு கந்தகக் கைகள் உலோக அணுவை இடுக்கிபோல் கவ்விச் சிறுநீரில் இறக்கிவிடும். கடலை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போடும் அந்த மருந்தின் வலியை நோயாளிகள் மறக்க மாட்டார்கள். காரீயத்துக்கு 1950-களில் இ.டி.டி.ஏ. வந்தது, அதைக் கால்சியம் சேர்ந்த வடிவில்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தின் கால்சியத்தையே உருவி உயிரை எடுத்துவிடும். பென்சிலின் சிதைவதால் உண்டாகும் பென்சிலமைனை, செம்பு சேரும் பரம்பரை நோயான வில்சன் நோய்க்கு 1956-இல் ஜான் வால்ஷ் கொண்டுவந்தார். வாயால் விழுங்கக்கூடிய மருந்து என்பது பெரிய நிம்மதி. 1980-களில் இதே மருந்தை ஈரல் கட்டி கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காமாலை தெரிவதற்கு முன் ஆரம்பித்தவர்களில் பலர் பிழைத்தார்கள்; காமாலை முற்றியவர்களுக்கு அது பெரிதாக உதவவில்லை.

மருந்து ஊரூராகப் பரவுவதற்குள் பாத்திரமே மாறிவிட்டது. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் 1898-இலேயே அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியிருந்தார். அதற்கு ஈயப்பூச்சே வேண்டாம். 1970-களிலும் 80-களிலும் எவர்சில்வர் அடுப்படியைப் பிடித்தது. சேலம் உருக்காலையில் 1981-இல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டத் தொடங்கினார்கள். பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புது எவர்சில்வர் வாங்குவது தெருவெங்கும் நடந்தது. சீர்த் தவலை போனதே என்று வருந்தியவர்கள், கூடவே ஒரு நோயும் போனதைக் கவனிக்கவில்லை. 1990-களில் ஈரல் கட்டி அரிதாகிவிட்டது.

தெருவில் துருத்தி போட்டவர்கள் இப்போது குறைவு. பிரியாணி சமைக்கும் செப்பு தேக்சாக்களுக்கு இன்னும் ஈயம் பூசுகிறார்கள். பித்தளைச் சமையல் மறுபடியும் மோஸ்தராகியிருப்பதால் வீடுகளிலிருந்தும் கொஞ்சம் வேலை வருகிறது. பூச்சில் கலந்த காரீயம் உடம்பில் ஏறியிருந்தால் இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். காரீயம் மிகுந்த குழந்தைகளுக்கு இப்போது அதை வெளியேற்றும் சக்சிமர் மாத்திரை கொடுக்கப்படுகிறது. ஆனால் மருத்துவர் முதலில் விசாரிப்பது பாத்திரத்தைப் பற்றி. அதே பாத்திரத்தில் சமையல் தொடர்ந்தால், மருந்து இறக்கிய காரீயம் அடுத்த வேளைச் சாப்பாட்டோடு திரும்ப ஏறிவிடும். எலும்பில் தங்கியதும் மெல்லக் கசிவதால், ஒரு சுற்று மருந்து முடிந்தபிறகும் இரத்தத்தை மறுபடி மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.