கொல்லையிலிருந்து ரேழிக்கு

அப்பா காலமான மறு ஆண்டில், காவிரிக்கரை ஊரொன்றில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்றுவிடுவதென்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம். வீட்டைப் பார்க்க வந்த தரகர் தேக்குத் தூண்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குச் சென்று திரும்பியவர், "வீட்டுக்குள்ள கக்கூஸ் இல்லாம ஒருத்தரும் வாங்கமாட்டாங்க சார். ஒண்ணு கட்டிட்டு வித்தீங்கன்னா, போட்ட காசு விலையிலயே வந்துரும்" என்றார்.

கட்டுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை. எங்கே கட்டுவது என்பதில்தான் சிக்கல். அதற்கு விடை தேடப்போய், நான் பிறந்து வளர்ந்த வீடு ஏன் அந்த வடிவில் இருந்தது என்பதை முதன்முறையாக யோசிக்க நேர்ந்தது.

பழந்தஞ்சைப் பகுதியின் தெரு வீடுகளை அறிந்தவர்களுக்கு அமைப்பை விளக்க வேண்டியதில்லை. பதினெட்டு அடி அகலம், நூற்றிருபது அடி நீளம். திண்ணை, ரேழி, முற்றத்துடன் கூடம், இரண்டாங்கட்டு, கிணற்றடி, கொல்லை, கடைசியில் கொல்லைச் சுவரை ஒட்டி எடுப்புக் கக்கூஸ். சுவருக்கு அப்பால் நான்கடிச் சந்து. இரு பக்கமும் அண்டை வீட்டாருடன் பொதுச் சுவர் என்பதால், வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே மட்டும்தான்.

கழிப்பறையைத் தூரத்தில் வைத்தது சுகாதார அறிவினால் என்று அப்பா சொல்லுவார். முழுவதும் பொய்யல்ல. நாற்றத்தைத் தடுக்கும் வழி அன்றைக்கு இல்லை. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் 1775இல் லண்டனில் காப்புரிமை பெற்ற வளைகுழாய்தான் அதற்கு வழிசெய்தது. குழாயின் வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் சிறிதளவு நீர், சாக்கடையின் வாயு மேலே ஏறாமல் அடைத்துவிடுகிறது. கழிப்பறை வீட்டுக்குள் நுழைந்தது அந்த நீரின் தயவால். ஆயினும் வளைகுழாய் மட்டும் போதாது, கழிவைக் கொண்டுசெல்ல நகரம் முழுவதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தையே நிலைகுலைய வைத்த பிறகுதான், பசல்ஜெட் என்ற பொறியாளரின் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது.

ஆனால் சுகாதாரம் மட்டுமே காரணமென்றால் சந்து எதற்கு? கொல்லைச் சுவரின் அடிப்பாகத்தில், சந்தைப் பார்த்தபடி, ஒரு முழ உயரத்தில் தகரக் கதவிட்ட திறப்பு ஒன்று இருந்தது. விடியற்காலையில் ஒருவர் அதன் வழியே வாளியை இழுத்து எடுத்துச் செல்வார். அவர் வீட்டுக்குள் வரக்கூடாது, தெருவில் எதிர்ப்படக்கூடாது என்பதற்காகவே சந்து விடப்பட்டிருந்தது. எங்கள் கழிப்பறையின் இடத்தைத் தீர்மானித்தது காற்றின் திசையன்று, சாதி. தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று தலைமுறைத் தோட்டிகளின் கதை அது. ஆலப்புழை நகரத்தை அதன் பின்புறத்திலிருந்து பார்த்து எழுதப்பட்டது.

முன்புறம் தூய்மை, பின்புறம் அசுத்தம் என்ற இந்த வரைபடம் இயற்கையானதும் அல்ல, மிகப் பழையதும் அல்ல. 1922இல் தோண்டத் தொடங்கப்பட்ட மொகஞ்சதாரோவில், செங்கல் பாவிய குளியலறைகள் பெரும்பாலும் தெருவோரச் சுவரை ஒட்டியே இருந்தன. காரணம் எளிது. மூடிய வடிகால் தெருவில் ஓடியது. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கொத்தனார்கள் தண்ணீர் போகும் வழியை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்தார்கள்.

*

எங்கள் கொத்தனார் மூன்று யோசனைகளை முன்வைத்தார்.

முதலாவது, கூடத்து மாடிப்படியின் கீழ். செலவு குறைவு. ஆனால் வெளிச்சுவரே இல்லாத இடம். காற்றுப்போக்கிக் குழாயை முற்றத்தின் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். ஈரம் காயாது. வாங்குபவர் மூக்கைச் சுளித்தால் கட்டியதே நஷ்டம்.

இரண்டாவது, கொல்லைக் கோடியில் பழைய இடத்திலேயே. இதில் ஒரு வேடிக்கை இருந்தது. பாதாளச் சாக்கடை எங்கள் ஊருக்கு வந்தபோது சந்து வழியாக வரவில்லை, தெரு வழியாக வந்தது. நாலங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடி வீதம் சரிவு தர வேண்டும். கொல்லையிலிருந்து தெரு வரை நூற்றிருபது அடிக்கு மூன்றடி இறக்கம். இரண்டாங்கட்டு, கூடம், ரேழி என்று தரை முழுவதையும் பெயர்த்தாக வேண்டும். கழிவை வெளியேற்றுவதற்கென்றே பின்னோக்கித் திருப்பிக் கட்டப்பட்ட வீடு, இப்போது முன்பக்கமாகத் திரும்பவேண்டியிருந்தது.

அதைத் தவிர்க்க அவரே ஒரு வழி சொன்னார். கொல்லையில் செப்டிக் டாங்க் கட்டிவிடலாம். கிணறு பக்கத்தில் இருக்கிறதே என்றேன். குடிக்கிற தண்ணீர்தான் குழாயில் வருகிறதே என்றார். நிறைந்துவிட்டால் லாரி வரமுடியாதே, சந்தைத்தான் இரு பக்கமும் பிடித்துக் கட்டிவிட்டார்களே என்று கேட்டேன். "அதுக்கென்ன சார், ஆள் இருக்காங்க" என்றார்.

அவர் அதை இயல்பாகத்தான் சொன்னார். எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் அதற்கு ஆள் வைப்பதையும் தடைசெய்யும் சட்டம் 1993இல் வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டாங்குக்குள்ளும் இறக்குவதையும் குற்றமாக்கியது. அவ்வாறு இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்ததே, மரணங்கள் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. இத்தனைக்குப் பிறகும் கொத்தனாரின் கணக்கில் ஆள் இருந்தார். நாங்கள் கட்டவிருந்த தொட்டி அவருடைய பிள்ளையையும் அதே சந்துக்கு வரவழைக்கும். வீட்டை விற்றுவிட்டு நாங்கள் போய்விடுவோம். சந்து இருக்கும்.

மூன்றாவது யோசனை முன்பக்கம். ரேழிக்கு மேற்கே ஓர் அறை. அப்பாவின் புத்தகங்களும் தாத்தாவின் படமும் இருந்த அறை. தெருச் சாக்கடை பத்தடியில். தெருவைப் பார்த்து உயரத்தில் ஒரு சன்னல் வைக்கலாம். வீடு வடக்குப் பார்த்தது என்பதால் அது வாயு மூலை. ஈசானியத்தில் இல்லாதவரை வாங்குபவரின் வாஸ்துக்காரரும் மறுக்கமாட்டார் என்றார் தரகர். எல்லாக் கணக்கும் அங்கேதான் பொருந்தியது.

அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. "வாசல்ல கக்கூஸா?" என்பதே அவன் கேள்வி. தாத்தா உட்கார்ந்து பேசிய திண்ணைக்குப் பின்சுவர் அது. அவன் வருத்தம் எனக்குப் புரியாமலில்லை.

அவனை மாற்றியவள் அத்தை. நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்தவள். இரவில் அரிக்கேன் விளக்குடன் முற்றம் கடந்து, கிணற்றடி கடந்து, மழையில் சேறு மிதித்துக் கொல்லைக்குப் போக அஞ்சி, ஆறு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதையே விட்டவள். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அந்த வழக்கம் உண்டாம். எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதுகூட இந்தியக் குடும்பங்களில் 46.9 விழுக்காட்டுக்குத்தான் வீட்டு வளாகத்தில் கழிப்பறை இருந்தது. கொல்லைக் கோடியில் இருந்ததையும் சேர்த்த கணக்கு அது. அத்தை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லவில்லை. "வாசல்லயே கட்டுடா, போய்ட்டு வர்றவாளுக்குத் தெரியும் அருமை" என்றாள்.

கட்டினோம். வீடு நான்கு மாதத்தில் விற்றது. போட்ட காசு விலையில் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் வாங்கியவர் முதலில் திறந்து பார்த்தது அந்தக் கதவைத்தான்.

சாமான்களை ஒழித்தபோது அப்பாவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. பால்காரர், சலவைக்காரர், பேப்பர் போடும் பையன் என்று ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது. மாதாமாதம் ஒரு வரியில் மட்டும் 'கொல்லை – 5 ரூ.' என்று எழுதியிருந்தார். அத்தையிடம் அவர் பெயரைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள். சந்துப் பக்கத்துத் திறப்பைச் செங்கல் வைத்து அடைத்த இடம் பூச்சில் இன்னும் தனியாகத் தெரிகிறது. பெயர் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.