கிராணியின் செக்ரோலும் வாடகைக் கணினியும்: வணிகக் கணக்கின் செலவு வரலாறு

பேராக்கின் செமோர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் அந்நாளில் விடியுமுன் பெரட்டு நடக்கும். தோட்டக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவார். ஆள் நின்றால் செக்ரோல் பதிவேட்டில் ஒரு கோடு. பால் நிறுத்த எடை இன்னொரு கட்டத்தில் ஏறும். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, முன்பணத்தையும், 1951ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சேமநிதியையும் கழித்தால் சம்பளம். வணிகக் கணக்குப் போட வந்த பெரிய கணினியான மெயின்பிரேம் முதன்முதலில் போட்டியிட்டது இப்படிப்பட்ட கிராணிகளோடுதான். சர்வரோடு மட்டும் அதை நிறுத்துப் பார்க்கும் ஒப்பீடுகள் பாதிக் கணக்கே என்பது என் வாதம்.

1959இல் வந்த ஐபிஎம் 1401 கணினியின் மாத வாடகை 2,500 அமெரிக்க டாலரில் தொடங்கியது. அன்றைய மலாயா வெள்ளியில் அது 7,600க்கு மேல். தனியொரு தோட்டம் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. ஊர் ஊராக பில் அனுப்பும் நிறுவனத்துக்கே அது கட்டுப்படியாகும். 1960களின் நடுவில் மலேசியாவின் முதல் கணினியான ஐபிஎம் 1440 தேசிய மின்சார வாரியத்துக்குப் போனதில் வியப்பில்லை.  

பெரிய இயந்திரமே சிக்கனம் என்று அப்போது நம்பியதற்குக் காரணம் உண்டு. இருமடங்கு பணம் கொடுத்தால் நான்கு மடங்கு திறன் கிடைக்கும் என்பது ஹெர்பர்ட் குரோஷ் 1953இல் வகுத்த விதி. வாடகைக்குள் மென்பொருளும் அடக்கம். 1969இல் ஐபிஎம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்க முடிவெடுத்தது. என் பார்வையில், நுண்செயலியை விடப் பெரிய திருப்பம் இதுதான். இன்று மெயின்பிரேம்காரர்களின் கையைக் கடிப்பது, பயன்படுத்தும் திறனை அளந்து மாதாமாதம் கறக்கும் மென்பொருள் கட்டணம்.

நுண்செயலி குரோஷின் விதியைக் கவிழ்த்தது. சின்னப் பெட்டிகளே மலிவாயின. கடைசி மெயின்பிரேம் 1996 மார்ச் 15 அன்று அணைக்கப்படும் என்று 1991இல் நாள் குறித்தார் கணினி இதழாளர் ஸ்டூவர்ட் ஆல்சாப். 1993இல் ஐபிஎம் 800 கோடி டாலர் இழந்தபோது ஜோசியம் பலித்துவிடும் போலத்தான் இருந்தது. மறு ஆண்டே மலிவான சிமாஸ் சில்லுகளில் மெயின்பிரேமைக் கட்டி ஐபிஎம் மீண்டும் மூச்சுவிட்டது. குறித்த நாள் வந்து போனது.

சாதாரணப் பெட்டிகளை அடுக்கி கூகுள் வென்றது, பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலையில். தேடலில் ஒரு பெட்டி செத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். வங்கிக் கணக்கில் ஒரு வெள்ளி இரண்டு முறை கழியக்கூடாது. அந்த உறுதிக்கு இரட்டைப் பெட்டி, தரவுத்தள உரிமக் கட்டணம், இரவில் எழுந்து பார்க்க ஆள் என்று செலவு கூடும். பழைய கோபோல் (COBOL) மொழி நிரல்களை மாற்றி எழுதுவது தனிச் செலவு. கணினி வெளியேற்றிய கிராணி, சர்வர் அறைக்குள் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டார்.

புதிதாகத் தொடங்கும் வணிகத்துக்குச் சர்வரே போதும். அதில் எனக்கு ஐயமில்லை. நாற்பது ஆண்டு நிரல்களைச் சுமக்கும் வங்கிக்கு மெயின்பிரேம் தோற்றத்தில்தான் விலை அதிகம்.

இந்தக் கணக்கின் முதல் பத்தியான கிராணிச் செலவை நிரப்பச் சான்று வேண்டும்: ஒரு கிராணிக்கு எத்தனை ஆள், எவ்வளவு சம்பளம், எத்தனை நாள் வேலை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் பல தோட்ட அலுவலகங்கள் மறைந்துவிட்டன. செமோர், ஈப்போ வட்டாரத்தில் யார் வீட்டு அலமாரியிலாவது பழைய செக்ரோல் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடாமல் ஒரு நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.