திவானும் தாய்ப்பாலும்

கி.பி. 634 முதல் 644 வரை ஆட்சி புரிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி மக்களுக்கு மானியம் வழங்கினார்கள். பிள்ளைகளில் பால்குடி மறந்தவர்களுக்கே அதில் பங்கிருந்தது. மதீனாவின் தொழுகைத் திடலில் வணிகர் கூட்டமொன்று தங்கிய இரவில், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் காவலிருந்த கலீஃபா, ஒரு குழந்தையின் ஓயாத அழுகுரலைக் கேட்டார்கள் என்கிறார் இப்னு ஸஅத். மூன்றாம் முறை சென்று தாயைக் கடிந்தபோது, கேட்பவர் யாரென அறியாத அவள், மானியத்துக்காகவே காலத்துக்கு முன் பால்குடி மறக்கடிப்பதாகக் கூறினாள். பாலூட்டலை நிறைவாக்க விரும்புவோர்க்குத் திருக்குர்ஆன் (2:233) ஈராண்டு வகுத்திருக்க, கருவூல விதியோ பச்சிளம் வாயிலிருந்து பாலைப் பறித்திருந்தது! அன்று ஸுப்ஹுத் தொழுகையில் அவர்கள் அழுததையே நம் மேடைகள் பேசுகின்றன. விதி மாறியதன்றோ பெரிது? பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் உண்டு, பால் மறக்கடிக்க விரையாதீர் என அறிவிக்கப்பட்டது. மாகாணங்களுக்கும் மடல் சென்றது. பிறந்தவுடன் 100 திர்ஹம், வளர்ந்தபின் 200.